112ஆம் பக்கத்துல என்ன ஆச்சு: ஒரு முதல் நாவலுக்கு வந்த கலவையான வரவேற்பு

பின்னணி

இது எங்க பதிப்பகத்துல நடந்த விஷயம். ஆள் பேரு, புத்தகத்து பேரு, எழுதினவங்க ஊர் பேரு எதுவும் வராது. எழுதின பொண்ணுகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், அவங்க படிச்சுப் பாத்து ரெண்டு இடத்துல வெட்டச் சொன்னாங்க, வெட்டியாச்சு.

பதிப்பகம்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. நானும் ஒரு நண்பரும், ரெண்டு பேருக்கும் சோறு போடுற வேலை வேற, வருஷத்துக்கு நாலு இல்ல அஞ்சு புத்தகம் போடுவோம், என் வீட்டு மாடி ரூம்தான் குடோன். மழை வந்தா முதல்ல புத்தகக் கட்ட நகத்திட்டுத்தான் காயப்போட்ட துணிய எடுக்கப் போவோம்.

எழுதினவங்களுக்கு அப்போ 23 வயசு. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவுல ஒரு கிராமம், அம்மாவுக்கு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை (எங்க பக்கம் யாரும் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டாங்க, ஆபீஸ்தான்). நாவல் ஒரே வீட்டுல இருக்குற மூணு பொம்பளைங்க கதை. பாட்டி வீட்டுல உக்காந்து பெட்டி ஒட்டினவ, அம்மா ஆபீஸ்ல கட்டை அடுக்குறவ (குச்சிக்கு மருந்து முக்குறதுக்கு முன்னாடி அத சட்டத்துல வரிசையா அடுக்குற வேலை), மக டிகிரி முடிச்சுட்டு வேலை தேடுறவ. 2021 டிசம்பர் 1ஆம் தேதி தீப்பெட்டி விலை 1 ரூபாயில இருந்து 2 ரூபாய் ஆச்சுல்ல, 14 வருஷத்துக்கு அப்புறம் ஏறின விலை, பெட்டிக்கு 36 குச்சி இருந்தது 50 ஆச்சு, கதை அந்த சமயத்துல நடக்குது. ஆபீஸுக்கு சோத்துப்போணி கொண்டு போன மக, பெட்டி விலை ரெட்டிச்சிருக்கே அப்போ கட்டைக் கூலியும் ரெட்டிக்கணும்லன்னு கேக்குறா, அம்மா பதில் சொல்லாம அடுக்கிட்டே இருக்கா. அந்த ஒரு சீன்லயே நான் விழுந்துட்டேன், மறுநாளே போன் பண்ணி நாங்க போடுறோம்னு சொல்லிட்டேன்.

முழுசையும் போன்லயே டைப் பண்ணிருந்தாங்க. பேசுறது மட்டும் இல்ல, கதை சொல்ற பகுதியும் அந்த ஊர் பேச்சுலயே இருந்துச்சு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

டிசம்பர் அவசரம்

கைப்பிரதி வந்தது செப்டம்பர்ல. ஜனவரியில சென்னை புத்தகக் காட்சி. எங்கள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு வருஷத்துல பாதி வியாபாரம் அங்கதான், அதுக்குள்ள வரலன்னா அந்தப் புத்தகம் அடுத்த வருஷத்துக்குத்தான்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்பே தப்புன்னு இப்போ சொல்லுவேன், அப்போ சொல்லிருக்க மாட்டேன்.

கதை சொல்ற பகுதிய எழுத்துத் தமிழுக்கு மாத்திடலாம், பேச்சு மட்டும் வழக்குல இருக்கட்டும்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணோம். கோயம்புத்தூர்க்காரருக்கும் புரியணும்லங்குற எண்ணம். இத அவங்ககிட்ட கேட்டு முடிவு பண்ணல, முடிவு பண்ணிட்டு சொன்னோம். சரிண்ணான்னு ஒத்த வார்த்தையில பதில் வந்துச்சு, நாங்களும் அத சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்.

டெமி சைஸ், 224 பக்கம், 16 பக்கக் கணக்குல 14 ஃபாரம், 250 காபி. சிவகாசிய பக்கத்துல வச்சுக்கிட்டு ஏன் சென்னையில அடிச்சீங்கன்னு கேப்பாங்க. 250 காபிக்கு ஆஃப்செட்ல பிளேட் போட்டா கட்டாது, டிஜிட்டல்தான், அதுவும் போக டிசம்பர்ல சிவகாசி காலண்டர் வேலையில முங்கிக் கிடக்கும். சென்னை பிரஸ்காரர் 20ஆம் தேதிக்குள்ள ஃபைல் வேணும்னுட்டாரு.

இன்னொரு தலைவலி ஃபாண்ட். போன்ல டைப் பண்ணது யூனிகோட், எங்க லேஅவுட் தம்பி இன்னும் பழைய ஃபாண்ட்லதான் வேலை பாக்குறாரு. மாத்தும்போது கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும், ‘போனா’ங்குறது ‘பேனா’ன்னு நிக்கும். புரூஃப்ல உக்காந்து ஒவ்வொண்ணா புடிக்கணும், வேற வழி இல்ல.

டிசம்பர் 18 ராத்திரி, 7 ஃபாரம் மாத்தி முடிஞ்சிருந்துச்சு. நண்பரு அவங்கம்மாவ ஆஸ்பத்திரியில சேத்துட்டு அங்கயே இருந்தாரு. நான் வாட்ஸப்ல ‘மீதி ஸ்பெல்லிங் மட்டும் பாத்து அனுப்பிடலாம்’னு ஒரு மெசேஜ் போட்டேன். நீங்க பாத்து அனுப்புங்கன்னு அர்த்தத்துல நான் போட்டேன், நான் பாத்து அனுப்பிடுறேன்னு அவர் புரிஞ்சுக்கிட்டாரு. தம்ப்ஸ்அப் போட்டாரு. 20ஆம் தேதி ஃபைல் போயிடுச்சு. யாரும் பாக்கல.

முதல் நாலு மாசம் என்ன சொன்னாங்க

புத்தகக் காட்சியில வேற ஒரு பதிப்பகத்து ஸ்டால்ல மேசை ஓரமா இடம் வாங்கி வச்சோம், 90 காபி கிட்ட போச்சு, முதல் நாவலுக்கு எங்க அளவுல அது நல்ல கணக்கு.

கருத்து வர ஆரம்பிச்சதும் தலை சுத்திடுச்சு. ஒருத்தர் தூக்கி வச்சத இன்னொருத்தர் தூக்கிப் போடுறாரு. சென்னையில ஒரு விமர்சகர், முதல் பாதியில இருக்குற நிதானமும் மொழியும் அபாரம், பின் பாதியில எழுத்தாளர் கை நழுவிட்டாருன்னு எழுதினாரு. காலேஜ் பசங்க நேர் எதிர், ஆரம்பம் செம போர், நடுவுல இருந்துதான் தூள்னாங்க. திருநெல்வேலியில இருந்து ஒருத்தர், ரெண்டு பேர் சேந்து எழுதினதா தம்பின்னு என்கிட்டயே கேட்டாரு. நான் சிரிச்சு விட்டுட்டேன். அவர் சொன்னதுதான் இருக்குறதுலயே சரியான விமர்சனம்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

நாங்க எதிர்பாக்காத வாசகர்கள் வேன்ல இருந்தாங்க. எழுத்தாளரோட அம்மா அஞ்சு காபி ஆபீஸுக்கு கொண்டு போயிருக்காங்க. காலையில ஆள் ஏத்துற வேன்ல பத்தாவது வரைக்கும் படிச்ச ஒரு அக்கா சத்தமா வாசிக்க, மத்தவங்க கேக்க, இப்படியே ஒரு வாரம் ஓடியிருக்கு. முதல் ரெண்டு நாள்லயே, என்னடி இது ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குன்னு ஒருத்தி சொல்லிட்டாளாம். அப்புறம் ஒரு வரி வந்துச்சாம், ‘கந்தகம் மணக்கும் அவள் கைகள்’னு. வேனே சிரிச்சிருக்கு. கட்டை அடுக்குறவ கையில எங்கிருந்துடி மருந்து வந்துச்சு, மருந்து முக்குறது தனி ரூமு, அது ஆம்பளைங்க வேலைல்ல, உன் மகளுக்கு இது கூடவா தெரியாதுன்னு அந்தம்மாவ கேட்டிருக்காங்க. அந்தம்மாவுக்கு ஒரே வெக்கமாப் போச்சாம்.

சென்னை விமர்சகர் ‘இந்த ஒரு வரிக்காகவே படிக்கலாம்’னு எடுத்துப் போட்டதும் அதே வரிதான்.

மே மாசம் கோவில்பட்டியில ஒரு வாசகர் வட்டக் கூட்டம். முப்பது பேர் இருக்கும், சுண்டலும் டீயும். ரிட்டயர்டு தமிழாசிரியர் ஐயா ஒருத்தர்தான் பேசினாரு. முதல் பாதிய பாராட்டு பாராட்டுன்னு பாராட்டிட்டு, பின் பாதிக்கு வந்ததும் குரலே மாறிடுச்சு. 61 எழுத்துப்பிழை, வட்டம் போட்டு வச்சிருக்கேன், போன்ல டைப் அடிக்கிற தலைமுறை, திருப்பிப் படிச்சுப் பாக்குற பொறுமை கிடையாது, பொறுப்பும் கிடையாதுன்னு கால் மணி நேரம். அந்தப் பொண்ணு முதல் வரிசையில உக்காந்து டீ கப்போட விளிம்ப நகத்தால கீறிக்கிட்டே இருந்தாங்க. ஏற்புரைன்னு கூப்பிட்டதுக்கு நன்றின்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. நானும் மேடையிலதான் இருந்தேன், வாயே திறக்கல. அடுத்த பதிப்புல திருத்திடுவோம்ங்குற ஒரு பொத்தாம்பொது வரியோட முடிச்சுக்கிட்டேன்.

இடிச்ச இடம்

கூட்டம் முடிஞ்சதும் ஐயா அவரோட காபிய என்கிட்டயே குடுத்துட்டாரு, பாத்து திருத்துங்கன்னு. ராத்திரி வீட்டுல எடுத்துப் புரட்டினேன். சிவப்பு பால்பாயிண்ட். 20ஆம் பக்கம் சுத்தம், 50 சுத்தம், 80ல ஒரே ஒரு வட்டம். அப்புறம் 113ல மூணு, 115ல ரெண்டு, அங்க இருந்து கடைசி வரைக்கும் அம்மை போட்ட மாதிரி. 58 வட்டம் 112க்கு பிற்பாடு.

112ங்குறது ஏழு பதினாறு. ஏழாவது ஃபாரத்தோட கடைசிப் பக்கம்.

அந்த எடத்த வாசிச்சேன். 112ஆம் பக்கம் அடியில ‘அவள் மகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றாள்’னு முடியுது. பக்கத்த திருப்பினா அதே சீன், அதே ரோடு, ‘செத்த தூரம் போயி கைய விட்டுட்டா’. அத்தியாயம் முடியுற எடம் கூட இல்ல, ஒரு சீனுக்கு நடுவுல மொழி மாறுது. வாட்ஸப்ப மேல தள்ளித் தள்ளிப் போயி டிசம்பர் 18 மெசேஜ எடுத்தேன், நண்பருக்கு போன் போட்டேன், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

அப்புறம் கந்தகம் வரி. மூல ஃபைல்ல தேடினா அப்படி ஒரு வரியே இல்ல. அவங்க எழுதினது ‘கையெல்லாம் மரத்தூளு, நெகக்கண்ணுல குச்சி குத்தின தடம்’. அழகா இருக்கட்டும்னு மாத்தினது நான்தான். தீப்பெட்டின்னா கந்தகம், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், ஒரு நாள் கூட ஆபீஸ் உள்ள போனது கிடையாது.

ஆக விமர்சகரும் ஐயாவும் பாராட்டினது எங்க எடிட்டிங்க. பசங்களும் வேன் அக்காவும் ரசிச்சது அவங்க எழுத்த. திட்டு மொத்தமும் அவங்க தலையில.

சித்தி விவகாரம்

இதுக்கு நடுவுலதான் இன்னொண்ணு கிளம்புச்சு. நாவல்ல ஒரு சித்தி, அக்காவோட காதுத் தோட்ட சொல்லாம எடுத்து அடகு வச்சுடுறா. நெஜ சித்தி புத்தகத்த படிக்கல, யாரோ போயி ஊதியிருக்காங்க. சித்தப்பா வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு, ஊர்ப் பெரியவர் ஒருத்தர் புத்தகத்த திரும்ப வாங்கச் சொல்லுங்கன்னாரு. எங்களுக்கு உள்ளுக்குள்ள உதறல். பெருமாள்முருகனோட மாதொருபாகன் நாவல் 2010ல வந்துச்சு, நாலு வருஷம் சும்மா இருந்துட்டு 2014 டிசம்பர்லதான் திருச்செங்கோட்டுல எதிர்ப்பு வெடிச்சுச்சு, 2015 ஜனவரியில அவர் எழுதுறதயே விட்டுட்டேன்னு அறிவிச்சாரு. 2016 ஜூலை 5ல சென்னை ஐகோர்ட் தீர்ப்பு அவர் பக்கம் வந்துச்சு, பிடிக்கலன்னா தூக்கிப் போட்டுட்டு போங்கங்குற மாதிரி நீதிபதிகளே சொன்னாங்கன்னாலும், அந்த ஒன்றரை வருஷத்த யாரு திருப்பித் தருவா. எங்க புத்தகத்துக்கு அவ்வளவு பெரிய வாசகர் கூட்டம் எல்லாம் இல்ல, இருந்தாலும் 23 வயசுப் பொண்ணு அதே ஊர்ல குடியிருக்கணும்ல.

போலீசு, அறிக்கை, ஆதரவுக் கூட்டம் இதெல்லாம் வேணாம்னு முடிவு எடுத்தோம். வெளிய கொண்டு போனா சித்தப்பாவால பின்வாங்க முடியாமப் போயிடும். நண்பர் இதுல கடைசி வரைக்கும் ஒத்துக்கல, பயந்துட்டோம்ங்குறது அவர் கட்சி. எழுத்தாளரோட அம்மா, நானே பேசிக்கிறேன்னு புத்தகத்த எடுத்துக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயி அந்த அத்தியாயத்த முழுசா வாசிச்சுக் காட்டிருக்காங்க. கேட்டு முடிச்சுட்டு சித்தி சொன்னது: “அடகு வச்சது நாந்தான்க்கா. மீட்டுக் குடுத்ததும் நாந்தான? அத ஏன் ஒம் மக எழுதல?”

எடுத்த முடிவுகள்

முதல் வேலையா நேர்ல போயி எழுத்தாளர்கிட்ட சொன்னேன். கோவப்படுவாங்கன்னு பாத்தா, எனக்கு அப்பவே தெரியும்ணாங்குறாங்க. புரூஃப் பிடிஎஃப்ப போன்ல பாத்திருக்காங்க, பாதிக்கு மேல மாறாம இருக்கேன்னு தோணிருக்கு, பெரியவங்க ஏதோ காரணமாத்தான் பண்ணிருப்பீங்க, கேட்டா தப்பா நினைப்பீங்கன்னு கேக்கலன்னாங்க. கூட்டத்துல ஏம்மா சொல்லலன்னு கேட்டேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்ணான்னாங்க.

அடுத்த மாசக் கூட்டத்துல நானே எந்திரிச்சு எல்லாத்தையும் சொன்னேன், ஃபாரம் கணக்கு, வாட்ஸப் மெசேஜ், கந்தகம் எல்லாம். ஐயா கண்ணாடிய கழட்டித் துடைச்சுட்டு, அப்போ நான் பாராட்டினது உங்களையாங்குறாரு. யாரும் சிரிக்கல, எனக்கு மட்டும் சிரிப்பு வந்து அடக்கிக்கிட்டேன்.

மீதி இருந்த 70 சொச்சம் காபிய கடைக்கு அனுப்புறத நிறுத்தினோம். வாங்கினவங்க கேட்டா புது அச்சு மாத்தித் தரோம்னு சொன்னோம், 11 பேர்தான் கேட்டாங்க. செலவு எங்களது, எழுத்தாளருக்கு வர வேண்டிய 10 சதவீத ராயல்டியில கை வைக்கல.

பெரிய வாக்குவாதம் எந்த மொழியில போடுறதுங்குறதுலதான். மொத்தத்தையும் எழுத்துத் தமிழுக்கு மாத்திட்டா விமர்சகர் தரப்பு குளிர்ந்துடும்னு நண்பர் சொன்னாரு, சோதனைக்கு ரெண்டு பக்கம் மாத்தியும் பாத்தோம். ‘அவ செத்த நேரம் கட்டயவே பாத்துக்கிட்டு இருந்தா, பெறவு ஒண்ணும் சொல்லாம அடுக்க ஆரம்பிச்சுட்டா’ன்னு இருந்தது ‘அவள் சிறிது நேரம் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு எதுவும் சொல்லாமல் அடுக்கத் தொடங்கினாள்’னு ஆச்சு. இலக்கணம் சரி. ஆனா சொல்றவ தெருவுல இருந்து எந்திரிச்சுப் போயி நாற்காலியில உக்காந்துக்கிட்டா. இந்த மண்ணுல பேசுற மாதிரியே கதை சொல்லலாம்னு கரிசல் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) காட்டி எத்தனை வருஷம் ஆச்சு, கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதிய அவர் கொண்டு வந்ததே 1982ல. அவர் எழுதினா ரசிக்கிறோம், 23 வயசுப் பிள்ள எழுதினா திருத்தக் கை வருது, இது என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

கடைசியில முதல் 7 ஃபாரத்த அவங்க மூலத்துக்கே திருப்பினோம், மரத்தூளு திரும்பி வந்துச்சு, பின்னாடி ரெண்டு பக்கத்துக்கு சொற்பட்டியல் சேத்தோம். புரூஃப ரெண்டு தடவ பிரிண்ட் எடுத்துப் பாத்தோம், ஒரு தடவ வேன் அக்காவும் பாத்தாங்க, கூலி குடுத்துத்தான்.

சித்தி தோட்ட மீட்டுக் குடுக்குற ஒரு பக்கத்த எழுத்தாளரே சேத்தாங்க. நான் வேணாம்னேன், கதை மழுங்கிடும்னு தோணுச்சு. நடந்ததுதானண்ணா, நான் மறந்துட்டேன்னாங்க. எனக்கு இன்னமும் முழு சம்மதம் கிடையாது, ஆனா அது என் புத்தகம் இல்ல.

ரெண்டாவது அச்சுக்கு அப்புறம்

அக்டோபர்ல 200 காபி. இனிமே எல்லாரும் ஒரே குரல்ல பாராட்டுவாங்கன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் 30 பக்கத்துக்கு மேல போக முடியல, பாஷை புரியலன்னு மெயில் போட்டாரு, அது நியாயமான புகார். விமர்சகர் ஒண்ணும் சொல்லல. ஐயா காசு குடுத்து வாங்கிப் படிச்சுட்டு, எனக்குப் பிடிக்கல, முன்ன இருந்ததே தேவலன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, நாலு வட்டம் போட்டும் குடுத்தாரு. நாலுமே சரியான பிழைதான். பாட்டி கேரக்டர் பாதியில காணாமப் போறா, முடிவுல அவசரம் தெரியுதுன்னு பல பேர் சொன்னாங்க. அத அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இந்தத் தடவ அடி விழுந்தது நாவலுக்கு, அதுல எனக்கு ஒரு நிம்மதி.

சித்தி பேசுறாங்க, விசேஷத்துக்கு வர்றாங்க. சித்தப்பா இன்னும் வர்றதில்ல.

இப்போ மாத்திக்கிட்டது

புத்தகக் காட்சிக்காக தேதி வைக்கிறத நிறுத்தினோம், போன புத்தகம் ஜூன்லதான் வந்துச்சு, விற்பனை குறைஞ்சது உண்மை. எடிட் பண்ண முதல் அத்தியாயத்த எழுதினவங்ககிட்ட வரிக்கு வரி காட்டி, இது ஓகேவான்னு போன்ல இல்லாம நேர்ல கேட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போறோம், ஏன்னா சின்ன வயசு ஆளுங்க போன்ல சரிண்ணான்னு சொல்றதுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. தொழில் பத்தி வர்ற எடத்த அந்தத் தொழில்ல இருக்குறவங்க ஒருத்தர் அச்சுக்கு முன்னாடி பாக்கணும். நிஜ ஆள் சாயல் இருந்தா, அந்த ஆளுக்கு முன்கூட்டியே வாசிச்சுக் காட்டலாமான்னு எழுத்தாளர்கிட்ட கேக்குறோம், முடிவு அவங்களுது. ஃபாரம் ஃபாரமா யார் பாத்தா என்னைக்குப் பாத்தான்னு ஒரு கோடு போட்ட நோட்டுல கையெழுத்து. வாட்ஸப்ல ‘அனுப்பிடலாம்’ங்குற வார்த்தைக்கு தடை.

அவங்க ரெண்டாவது நாவல வேற பதிப்பகத்துக்குக் குடுத்திருக்காங்க, கொஞ்சம் பெரிய எடம், எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னா பொய். போன வாரம் புரூஃப் பிரிண்ட்ட கொண்டு வந்து குடுத்து, எழுத்துப்பிழை மட்டும் பாருங்கண்ணா, வேற எதையும் தொடாதீங்கன்னாங்க. 15 ஃபாரம். 9 முடிச்சு நோட்டுல கையெழுத்து போட்டிருக்கேன், மீதிய ஞாயித்துக்கிழமைக்குள்ள பாக்கணும்.